சூட்டில் சேர்ந்த சுருதி

அத்தியாயம் 6

ஆள் செத்த அறைக்குள் நுழையும்போது நான் எதையாவது பேசிக்கொண்டேதான் நுழைவேன். பேச்சு நின்றால் முழங்கால் ஆடுவது அடுத்தவருக்குத் தெரிந்துவிடும்.

"சன்னலே இல்லியே மேடம். எலி கூட கதவத் தட்டிட்டுத்தான் வரணும் போல," என்றேன்.

இம்கே ஹார்ம்ஸ் உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்று, மூலையில் இருந்த இரும்பு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எம்டன் நகரில் எங்கள் துப்பறியும் அலுவலகம் திறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாளில் அவர் ஒரு பொருளைப் பார்த்துத் தயங்கி நான் கண்டதில்லை. சாதாரண அடுப்பு. நான்கு கால், ஒரு கதவு, கூரைக்குள் போகும் கறுப்புக் குழாய். அதைப் போய் பாம்பைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"சன்னல ரேம்ட்தான் செங்கல் வெச்சு அடைச்சார்," என்றார் எங்களை வரவழைத்த கேஷே. அறுபது வயதுப் பெண்மணி. கணவர் ரேம்ட் போய் இன்றோடு பதினான்கு நாள். "ஆர்கனோட மொத நாக்குக் குழல ஊதிப் பாத்த அன்னிக்குப் பக்கத்துப் பண்ணையில பதினோரு மாடு பால் சுரக்கல. சண்டைக்கு வந்துட்டாங்க. மறுநாளே அடைச்சிட்டார்."

ஓஸ்டர்லூக் கடற்கரை அணையை ஒட்டிய ஊர். வீடும் மாட்டுத்தொழுவமும் ஒரே கூரைக்கடியில். அந்தக் கூரையின் கடைசிக் கோடியில், முன்பு பாலாடைக்கட்டி வைத்திருந்த இந்தச் செங்கல் அறையில், ரேம்ட் எட்டு வருடமாக ஒரு ஆர்கன் கட்டிக்கொண்டிருந்தார், மாதாகோவில்களில் வாசிப்பார்களே, அந்தக் காற்றுக் குழல் வாத்தியம். துணி அலமாரி உயரம்தான். படகு எஞ்சின் பழுது பார்த்து ஓய்வு பெற்ற கைகள். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை மாலை, இதே பெஞ்சில் தலை சாய்த்துக் கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்து கேஷே போர்வை எடுத்து வந்து போர்த்தியிருக்கிறார். அதற்கப்புறம்தான் கையைத் தொட்டாராம்.

புகைபோக்கியில் காக்காக்கூடு. அடுப்பின் விஷக்காற்று வெளியே போக வழியில்லாமல் அறைக்குள் தங்கிவிட்டது. வாசனையும் கிடையாது, புகையும் கிடையாது. விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

"நீங்க ஏன் நம்பல?" என்று இம்கே கேட்டார்.

"ரெண்டு டீ கப்பு கழுவிக் கவுத்து வெச்சிருந்துது."

"அதனால?"

"முப்பத்தாறு வருஷத்துல ரேம்ட் ஒரு கப்பக் கழுவினதில்ல."

இம்கே என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தொப்பியைக் கழற்றினேன். போலீஸ்காரர்கள் பத்துப் பேர் வந்து அளந்திருந்தாலும் இந்தத் தடயம் அகப்பட்டிருக்காது.

"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"நோர்டன்ல, தங்கச்சி வீட்ல. சாயங்காலம் ஆறரைக்குத்தான் வந்தேன். அந்தச் சனிக்கிழம எனக்கு அறுபது முடிஞ்சுது. அதுக்குள்ள நாக்குக் குழல முடிச்சிடணும்னு துடிச்சிக்கிட்டு இருந்தார். என்னத் தொரத்தி விட்டதே அதுக்குத்தான்." கேஷே ஆர்கனின் பின்பக்கம் போய் ஒரு குழலைப் பிடுங்கி வந்து என் கையில் கொடுத்தார். "இதான். நாப்பத்தஞ்சு செஞ்சார். ரெண்டு குளிர்காலம் ஆச்சு."

பேரிமரத்தில் கடைந்த குழல். அதன் அடியில், நீளவாக்கில் பிளந்த சின்னப் பித்தளைக் குழாய். அந்தப் பிளவை மூடியபடி, நகத்தைவிட மெல்லிய பித்தளைத் தகடு. அதுதான் நாக்கு. காற்று பட்டால் அது துடிக்கும், குழல் அந்தத் துடிப்பை வாங்கிப் பெரிதாக்கும். நாக்கை ஒரு வளைந்த கம்பி அழுத்திப் பிடித்திருந்தது. கம்பியைக் கீழே தட்டினால் சுருதி ஏறும், மேலே தட்டினால் இறங்கும்.

"தகட்ட வெட்டுறது ஒண்ணுமில்ல," என்றார் கேஷே. "எஃகு உருளையால தேச்சுத் தேச்சு நுனிய லேசா வளைக்கணும். கண்ணுக்கே தெரியாத வளைவு. துளி கூடினா வாயே தெறக்காது. துளி கொறஞ்சா கத்தும். தோத்ததெல்லாம் அந்த டப்பாவுல கெடக்கு பாருங்க."

பிஸ்கட் டப்பா. முக்கால்வாசி நிரம்பியிருந்தது. முந்நூறு இருக்கும்.

"முந்நூறு நாக்கு, ஒண்ணும் பேசாது," என்றேன். "இப்படி ஒரு குடும்பத்துல பொண்ணெடுக்கணும்னுதான் மேடம் எங்கம்மா கடைசி வரைக்கும் தேடினாங்க."

கேஷே முதல் தடவையாகச் சிரித்தார். இம்கே சிரிக்கவில்லை. "வாசிச்சுக் காட்டுங்க," என்றார்.

கேஷே குழலை வாங்கித் திரும்பச் செருகிவிட்டு, சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டார். தொழுவத்துப் பக்கம் மோட்டார் உறுமியது. அங்கிருந்து மரக்குழாய் வழியாகச் சுவரைத் துளைத்து வந்து காற்று ஆர்கனின் வயிற்றை நிரப்பியது. முதலில் சாதாரணக் குழல்கள். புல்லாங்குழல் மாதிரி மெதுவாக, சுத்தமாகப் பேசின. அப்புறம் நாக்குக் குழல்களுக்கான குமிழை இழுத்தார்.

என் பல் கூசியது. மாலுமிகள் பாட்டுக் குழுவில் ஒன்பது வருடம் அடிக்குரல் பாடியவன் நான். எங்கள் குழுவே இதைவிட நன்றாகச் சேரும்.

"சுருதி சேக்கறதுக்குள்ள போயிட்டார்னு எல்லாரும் சொல்றாங்க," என்றார் கேஷே, கையை எடுத்துவிட்டு. "சாவுக்கு வந்தவங்க வாசிச்சுப் பாத்துட்டு, பாவம், அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டாரேன்னாங்க. எனக்கு அதான் தாங்கல."

"ஓக்கோ, ஒண்ணொண்ணா கேளு. எப்படித் தப்பா இருக்கு?" என்று இம்கே என்னிடம் கேட்டார்.

கேஷே ஒவ்வொரு கட்டையாக அழுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பத்துக் கட்டை தாண்டியதும் கண் தானாகத் திறந்தது.

"மேடம், எல்லாம் ஒரே மாதிரி தப்பு. நாக்குக் குழல் எல்லாமே ஒரே அளவு ஏறி நிக்குது. சேக்காத குழல்னா ஒண்ணு ஏறும், ஒண்ணு எறங்கும். இது நாப்பத்தஞ்சும் சொல்லி வெச்ச மாதிரி."

கேஷேயின் விரல் கட்டை மேலேயே நின்றது. கட்டைகளுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்தார். மூன்று டிகிரி.

"குளிரு," என்றார், ரொம்ப மெதுவாக. "குளிர்ல மத்தக் குழல் எல்லாம் எறங்கிடும். உள்ள இருக்கற காத்து குளுந்தா அப்படித்தான். நாக்குக் குழல் மட்டும் எறங்காது. பித்தளை நாக்குக்குக் குளிர் அவ்வளவா ஒறைக்காது. அப்போ இது... சூட்டுல சேத்த சுருதி."

"அதாவது?" என்றேன்.

"அதாவது அவர் அரைகுறையா விடல," என்றார் இம்கே. "நாப்பத்தஞ்சையும் முடிச்சிருக்கார். இந்த அறை சூடா இருக்கும்போது. ஒரு குழலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிஷம். மோசமானதுன்னா பத்து."

"நாலு மணி நேரம். நாலு மணி நேரம் அடுப்பு எரிஞ்சிருக்கு, அவருக்கு ஒண்ணும் ஆகல. போலீஸ் என்ன சொல்லுது? கூடு போன வசந்தத்துலேயே கட்டினது, அவர் குளிர்காலம் முழுக்க அடுப்பே மூட்டல, அன்னிக்கு முதல் தடவையா மூட்டினார், கொஞ்ச நேரத்துலேயே செத்தார்."

"ஆமா, மரம் வெடிக்கும்னு மூட்டவே மாட்டார். அன்னிக்கு மட்டும், சனிக்கிழம விருந்தாளிங்க வரும்போது அறை சூடா இருக்கும், அந்தச் சூட்டுக்கே சுருதி சேக்கணும்னு மூட்டியிருப்பார்," என்றார் கேஷே.

"அப்போ அந்தக் கூடு காலையில அங்க இல்ல. சாயங்காலம் இருந்துது." இம்கே கையுறையை இழுத்து மாட்டினார். "ஆனா இது நம்ம ஊகம். அறையச் சூடு பண்ணிப் பாத்தாதான் நிச்சயம். எல்லாக் குழலும் சுருதி சேந்தா நாம சொல்றது சரி."

இதைச் சொல்லும்போது அவர் அடுப்பைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

கேஷே ஒரு நிபந்தனை போட்டார். புகைபோக்கியை ஆள் வைத்துப் பார்க்காமல் அந்த அடுப்பில் தீக்குச்சி உரசக் கூடாது. போனில் பேசிய அரை மணியில் ஊபோ சைக்கிளில் வந்து சேர்ந்தார். இந்த வட்டாரத்துப் புகைபோக்கிகளைத் துடைப்பவர். கறுப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, பொத்தான் மட்டும் பளபளப்பு. ரேம்ட்டோடு ஒரே வகுப்பில் படித்தவராம்.

"மொய்ன்," என்று எங்கள் பக்கத்து வணக்கம் சொன்னார்.

"மொய்ன். ஒரு நிமிஷம்," என்று நான் அவர் பொத்தானைத் தொட்டுக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் புகைபோக்கிக்காரரைத் தொட்டால் அதிர்ஷ்டம்.

"நல்லா அழுத்தித் தொடுங்க," என்று சிரித்தார். "எதுக்கு கேஷே இந்தப் பொல்லாத அடுப்ப மறுபடி?"

கேஷே எல்லாவற்றையும் சொன்னார். சுருதி, சூடு, நாலு மணி நேரம், எல்லாம். ஊபோ தலையை ஆட்டிக் கேட்டார். ஏணியைச் சுவரில் சாத்தி, அந்தக் காற்றிலும் குரங்கு மாதிரி ஏறினார். குண்டு கட்டிய கயிறு குழாய்க்குள் உரசி இறங்கும் சத்தம் உள்ளே கேட்டது. இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"கண்ணாடி மாதிரி இருக்கு. பயப்படாம மூட்டுங்க. கதவ மட்டும் நல்லா சாத்திக்குங்க, இல்லேன்னா சூடு நிக்காது." என் தோளைத் தட்டினார். "எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கு. ஏணி அங்கேயே இருக்கட்டும் கேஷே, திரும்பி வரும்போது எடுத்துக்கறேன்."

சைக்கிள் மணி தேய்ந்து போயிற்று. கேஷே சமையலை முடித்துவிட்டு டீயோடு வருவதாகச் சொல்லி முன்வீட்டுக்குப் போனார். அறையில் நாங்கள் இருவர், ஒரு அடுப்பு.

நிலக்கரி பிடித்துக்கொண்டது. வெளியே கடல் காற்று வலுத்திருந்ததால் புகைபோக்கி இழுத்து, அடுப்பு "ஊம்" என்று பாட ஆரம்பித்தது. நான் கதவைச் சாத்திவிட்டு அதன் ஓரமாக உட்கார்ந்தேன்.

"மேடம், நீங்க ஏன் அந்த அடுப்ப அப்படிப் பாக்கறீங்க? எனக்குப் பயமாயிருக்கு. ரெண்டு பேரும் பயந்தா நல்லா இருக்காது. ஒருத்தர் பயப்படலாம், அது நான்."

வெப்பமானி ஏழைத் தொட்டது.

"நான் இன்ஷூரன்ஸ்ல இருந்தப்போ கடைசியா பாத்த கேஸ் இந்த ஊர்தான், ஓக்கோ. அணையோரமா ஒரு சின்ன வீடு. ரிக்ஸ்டேன்னு ஒரு பொண்ணு, ரெண்டு குழந்தைங்க. சின்னதுக்கு ஒரு வயசு. மூணு பேரும் படுக்கையிலேயே போயிட்டாங்க. இதே காத்து. புகைபோக்கி அடைஞ்சிருந்துது."

"யார் தப்பு?"

"நாலு நாள் முன்னாடிதான் துடைச்சதுன்னு பதிவேட்டுல இருந்துது. எண்பத்தொண்ணு மார்ச் அஞ்சு. என் பொறந்த நாள், அதனால ஞாபகம் இருக்கு. துடைச்ச புகைபோக்கி நாலு நாள்ல அடையாது. அப்போ அந்தப் பொண்ணுதான் ஈர விறகப் போட்டிருக்கணும். அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கூரை மேல ஏறிப் பாக்கல. செத்துப்போன பொண்ணு மேல பழியப் போட்டுட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அப்புறம் அந்த வேலைக்குப் போக முடியல."

எழுந்து போய்ச் சுவிட்சைப் போட்டு, கட்டையை அழுத்திப் பார்த்தேன். ஒன்பது டிகிரி. பல் கூச்சம் கொஞ்சம் குறைந்திருந்தது. பதினாலு டிகிரியில் இரண்டு குரலும் பக்கத்துப் பக்கத்து அறையில் பாடுவது மாதிரி இருந்தது. பதினெட்டில் ஒரே அறைக்குள் வந்துவிட்டன. பத்தொன்பதைத் தொட்டபோது நான் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினேன்.

இரண்டாயிருந்தது ஒன்றாகிவிட்டது. எங்கே மரக்குழல் முடிகிறது, எங்கே பித்தளை நாக்கு தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. பதினான்கு நாளைக்கு முன்னால் செத்தவர் பின்னால் நின்று, "சரியா?" என்று கேட்பது மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

"சரிதான்," என்றேன் சத்தமாக. யாரிடம் சொன்னேன் என்று தெரியாது.

"இப்போ அடுத்தது," என்றார் இம்கே. "கட்டை முன்னால இருக்கு. நாக்குக் குழல் பின்னால. பின்னால நின்னு கம்பியத் தட்டற ஆளுக்கு இங்க கை எட்டுமா?"

"எட்டாது."

"அப்போ நாலு மணி நேரம் இந்த ஸ்டூல்ல ஒருத்தர் உக்காந்து கட்டைய அழுத்திக்கிட்டே இருந்திருக்கார். ரெண்டாவது டீ கப்பு அவருது. பாதிரியார், தபால்காரர், ஊபோ, யாரு கிடைச்சாலும் ரேம்ட் கூப்பிட்டு உக்கார வெப்பாராம். எல்லாரையும் கேஷே கேட்டுட்டாங்க. அன்னிக்கு நான் வரலன்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் பின்பக்கம் நுழைந்தார். தோள் மட்டும் நுழையும் சந்து. நான் மோட்டாரை அணைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து அடுப்பின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஓக்கோ." அவர் குரல் மாறியிருந்தது. "இங்க பென்சில்ல எழுதியிருக்கார். பெரிய மரக்குழல் ஒவ்வொண்ணு மேலயும். எந்தத் தேதி சுருதி சேத்தார், எத்தனை டிகிரி, கட்டை பிடிச்சது யாரு, எல்லாம்."

"கடைசி நாளு இருக்கா?"

"அது இல்ல. நாக்குக் குழலுக்கு எழுத நேரம் கிடைக்கல போல. ஆனா..."

டார்ச் வெளிச்சம் ஒரு குழல் மேல் நின்றது.

"படிங்க மேடம்."

"'1981 மார்ச் 5. ஆறு டிகிரி. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. கட்டை பிடித்தது ஊபோ.'"

எனக்கு ஒரு நொடி ஆயிற்று. மார்ச் ஐந்தாம் தேதி ஊபோ அணையோர வீட்டின் கூரை மேல் இருந்ததாகப் பதிவேடு சொல்கிறது. அவர் நாள் முழுக்க இந்த ஸ்டூலில், நான் உட்கார்ந்திருக்கும் இதே ஸ்டூலில் இருந்திருக்கிறார். ஏறாத கூரையை ஏறியதாக எழுதியிருக்கிறார். நாக்குக் குழல்களுக்குச் சுருதி சேர்க்கும்போது ரேம்ட்டின் மூக்குக்கு நேரே இருந்திருக்கிறது அந்த வரி.

"மேடம், நம்ம அடுப்பச் சரி பாத்தது..."

"உஷ்," என்றார் இம்கே. "கேளு."

ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதுதான் விஷயம். வெளியே காற்று ஓடுகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஆனால் புகைபோக்கி இழுக்கவில்லை, அடுப்பு பாடுவதை நிறுத்தியிருந்தது.

நான் கதவுக்குப் பாய்ந்தேன். இழுத்தேன். காலால் உதைத்தேன். பாலாடைக்கட்டி அறையின் கதவு, இரண்டு அங்குலத் தேக்கு. வெளியே தாழ் போட்டிருந்தது.

"தண்ணி இருக்கா?"

"இல்ல."

"சாம்பல அள்ளிப் போடு."

அள்ளிப் போட்டேன். அடுப்பின் காற்றுத் துளைகளை மூடினேன். கரி கண் சிவந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நெற்றிப் பொட்டில் யாரோ விரலால் தட்டினார்கள். பயத்தில் தட்டுகிறதா, அந்தக் காற்று தட்டுகிறதா என்று தெரியவில்லை. வாசனை இருந்தால்கூட சண்டை போடலாம். இல்லாத ஒன்றிடம் என்ன செய்ய? படுக்கையிலேயே போய்விட்ட ஒரு வயதுக் குழந்தை நினைவுக்கு வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

இம்கே சந்திலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. ஆனால் கண் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பு, சுவர், ஆர்கன், சுவிட்ச்.

"மோட்டார் எங்க இருக்கு?"

"தொழுவத்துல."

"காத்த எங்கேருந்து இழுக்குது?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவிட்சைப் போட்டார்.

முன்வரிசை மரக்குழல்களைப் பிடுங்கிப் பிடுங்கித் தரையில் போட்டோம். எட்டு வருட வேலை, கேஷே மன்னிக்கட்டும். குழல் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைகள். நான் எல்லாக் குமிழையும் இழுத்துவிட்டு, இரண்டு முழங்கைகளையும் கட்டைகள் மேல் வைத்து அழுத்தினேன். ஓட்டைகளிலிருந்து காற்று பீறிட்டது. மாட்டுச்சாணமும் வைக்கோலும் கலந்த, சில்லென்ற காற்று. இரண்டு பேரும் முகத்தை ஓட்டைகள் மேல் கவிழ்த்துக்கொண்டு குடித்தோம்.

பின்னால் நாற்பத்தைந்து நாக்குக் குழல்களும் ஒரே நேரத்தில் அலறின. பதினோரு மாடு பால் சுரக்காததில் ஆச்சரியமே இல்லை. என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. அலறட்டும். நாற்பதடி தள்ளி ஒரு சமையலறையில் ஒரு பெண் டீ வடிகட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கேட்க வேண்டும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. இரண்டு நிமிடமோ, பத்தோ. திடீரென்று விளக்கு அணைந்தது. மோட்டார் நின்றது. குழல்கள் எல்லாம் ஒன்றாக முனகி, சுருதி சரிந்து, ஒவ்வொன்றாக வாயை மூடின. என் முகத்தில் பட்டுக்கொண்டிருந்த காற்று மெலிந்து நூலாகி அறுந்தது.

இருட்டு. கரியின் சிவப்பு மட்டும். இம்கேயின் கை என் கையைப் பிடித்தது.

"மூச்ச அடக்கிக்க ஓக்கோ. தரையில படு."

படுத்தேன். கதவின் அடியில் மூக்கை வைத்தேன். இடுக்கே இல்லாமல் அடைத்திருந்தார் ரேம்ட், குளிர் வராமலிருக்க. ஐந்து வரை எண்ணினேன், அப்புறம் இருபது, அப்புறம் எண் மறந்துவிட்டது.

தாழ் நகர்ந்தது.

கதவு திறந்து, வெளிச்சமும் காற்றும் ஒன்றாக என் மேல் விழுந்தன. கேஷே நின்றிருந்தார். கையில் டீ வடிகட்டி அப்படியே இருந்தது. எங்கள் இருவரையும் கக்கத்தில் கைகொடுத்துத் தொழுவத்துக்குள் இழுத்துப் போட்டார். நான் வைக்கோலில் கிடந்து இருமினேன். ஒரு கன்று வந்து என் காதை நக்கியது. நக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மின்சாரப் பலகைக்குப் பக்கத்தில், ஒரு பால் கேனின் மேல், ஊபோ உட்கார்ந்திருந்தார். கையில் வெள்ளைப் பீங்கான் பியூஸ். ஓடப் பார்க்கவில்லை. ஓடியிருக்க நேரம் இருந்தது.

"நான் சத்தம் கேட்டு ஓடி வரேன், இவன் பியூஸப் பிடுங்கறான்," என்றார் கேஷே. அவருக்கு இன்னும் விளங்கவில்லை. "ஏன்டா?"

ஊபோ இம்கேயை மட்டும் பார்த்தார். "ரேம்ட் எழுதி வெச்சிருக்கேன்னு சொன்னான். எங்கன்னு சொல்லல. நோட்டையெல்லாம் எடுத்துட்டுப் போய்ப் பாத்தேன். எங்க இருந்துது?"

"குழல் மேல," என்றார் இம்கே. "மூணு பேர் செத்தாங்க ஊபோ. நீ எழுதினத நான் நம்பினேன். கூரை ஏறிப் பாக்கல."

"யாரும் ஏறிப் பாக்க மாட்டாங்க. அந்தத் தைரியத்துலதான் எழுதினேன். அடுத்த வாரம் துடைச்சிடலாம்னு இருந்தேன். நிஜமா அடுத்த வாரம் துடைக்கத்தான் இருந்தேன்."

மாடுகள் சங்கிலி ஆட்டிக்கொண்டிருந்தன. கேஷே டீ வடிகட்டியை ஒரு ஆணியில் மாட்டினார். கை காலியானதும் அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஏப்ரனில் துடைத்துக்கொண்டார். பின்பு ஊபோவின் எதிரே போய் நின்றார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். இம்கே என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"ரேம்ட் உன்கிட்ட என்ன சொன்னார்?" என்றார் கேஷே.

"நாப்பத்தி நாலு குழல் முடிஞ்சிருந்துது. பின்னாலேருந்து சொன்னான். முகங்கூடத் தெரியல. 'மார்ச் அஞ்சு நீ இங்க இருந்திருக்கே ஊபோ. திங்கக்கெழமைக்குள்ள நீயே போய்ச் சொல்லிடு. நானும் கூட வரேன்'னான்."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்புறம்?"

ஊபோ பியூஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"'இன்னும் ஒண்ணுதான் பாக்கி, கட்டைய அழுத்து'ன்னான். அழுத்தினேன். அது மோசமான குழலு, சீக்கிரம் சேரல. பத்து நிமிஷம் ஆச்சு. சேர்ற வரைக்கும் விரல எடுக்கல, கேஷே. சேந்ததும் அவன் 'அப்பாடா'ன்னு வந்து பெஞ்சுல உக்காந்தான். நான் ரெண்டு கப்பையும் கழுவி வெச்சிட்டு ஏணிய எடுக்கப் போனேன்."